சிக்ஸர் அடித்தால் அவுட்

கொல்லிமலையில் நாங்கள் ஆடிய கிரிக்கெட்டில் சிக்ஸர் அடித்தால் அவுட். ஓங்கி அடித்த பந்து காபிச் செடிக்குள் உருண்டு, மிளகுக்கொடி ஏறிய மரங்களைத் தாண்டிச் சரிவில் இறங்கிவிட்டால், அடுத்த ரப்பர் பந்துக்குச் செம்மேட்டுக் கடைக்குத்தான் நடக்க வேண்டும். அதனால் ஊரே தரையோடு தட்டித் தட்டி ஆடி வளர்ந்தது. இத்தனைக்கும் இது வல்வில் ஓரியின் மலை. யானை, புலி, மான், பன்றி எல்லாவற்றையும் துளைத்த ஒரே அம்பு, கடைசியில் புற்றிலிருந்த உடும்பில் போய்த் தைத்ததாகப் புறநானூற்றில் வன்பரணர் பாடியிருக்கிறார். ஓரிக்குப் புற்றாவது குறுக்கே இருந்தது. எங்கள் சரிவில் அதுவும் கிடையாது.

டிவி பார்ப்பதும் அப்போது உடம்பு வணங்கிச் செய்யும் வேலை. நாலைந்து வீட்டுக்கு ஒரு கறுப்பு வெள்ளைப் பெட்டி. கூரைமேல் ஆன்டெனா. அதைத் திருப்ப ஓர் ஆள். எங்கள் வீட்டில் அது சித்தப்பா. 1996 மார்ச் 13, உலகக் கோப்பை அரையிறுதி, கல்கத்தா ஈடன் கார்டன். பனியில் துண்டைத் தலையில் கட்டிக்கொண்டு மேலே நின்றவர், "தெரியுதாடா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். "கொசு பறக்குது சித்தப்பா, கொஞ்சம் இந்தப் பக்கம்" என்றோம். அவர் திருப்பினார். படம் பளிச்சென்று வந்தது. வந்ததும் சச்சின் 65 ரன்னில் ஸ்டம்பிங். அதோடு மளமளவென்று சரிவு. 98-க்கு ஒன்று என்றிருந்தது 120-க்கு எட்டு ஆனது. கூட்டம் பாட்டில் வீசி, தீ வைத்து, ஆட்டமே நின்றுபோனது. திரையெல்லாம் புகை. கீழே ஒருவரும் வாயைத் திறக்காததால் படம் போய்விட்டது என்று நினைத்துச் சித்தப்பா இன்னும் மும்முரமாகத் திருப்பினார். அன்று இந்தியா தோற்றது அவர் கையால்தான் என்பதில் எங்கள் குடும்பத்தில் இன்றுவரை மாற்றுக் கருத்தில்லை. அவர் அந்த மேட்சில் ஒரு பந்துகூடப் பார்க்கவில்லை என்பது வேறு விஷயம்.

2006-க்குப் பிறகு அரசாங்கத்தின் இலவசக் கலர் டிவி வந்தது, குடை ஆன்டெனா வந்தது, சித்தப்பா கூரையிலிருந்து இறங்கினார். 2011-இல் வான்கடேயில் குலசேகராவின் பந்தைத் தோனி கூட்டத்துக்குள் தூக்கி அடித்தபோது எல்லோரும் குதித்தார்கள். "நம்ம கணக்குல அவுட்டுதானே?" என்றார் சித்தப்பா. நியாயம்தான். யுவராஜ் இருந்தார், சமாளித்திருப்பார்.

இப்போது ஆளுக்கொரு போன். வீட்டுக்குள் டவர் கிடைக்காததால் ரோட்டு வளைவுக்கு வருகிறார்கள். எழுபது கொண்டை ஊசி வளைவில் எதில் எத்தனை கோடு எடுக்கும் என்று பையன்களுக்கு மனப்பாடம். 2020 டிசம்பரில் சேலம் மாவட்டத்துச் சின்னப்பம்பட்டி நடராஜன் கான்பெராவில் முதல் ஒருநாள் போட்டி ஆடியதை அப்படித்தான் பார்த்தோம். லபுஷேன் ஸ்டம்பு சாய்ந்ததும் ஒருவன் கத்தினான். பக்கத்தில் நின்றவன் போனில் நடராஜன் அப்போதுதான் ஓடி வரத் தொடங்கியிருந்தார். ஒரே விக்கெட்டுக்கு நாலு தடவை கைதட்டினோம். பந்து எங்கே விழுந்தது என்று தேட வேண்டிய வேலை மட்டும் யாருக்கும் இல்லை.

போன வருஷம் காபிக்கடியில் களை வெட்டும்போது மண்ணுக்குள்ளிருந்து ஒரு ரப்பர் பந்து கிடைத்தது. கல்லாக இறுகி, ஒரு பக்கம் வெடித்திருந்தது. கூட ஆடியவனைக் கூப்பிட்டுக் காட்டினேன். கையில் உருட்டிப் பார்த்துவிட்டு, "நீ அடிச்சதுதான். அன்னைக்கு அவுட்டுன்னு ஒத்துக்காம ரெண்டு ஓவர் சேர்த்து ஆடுனே" என்றான்.

தட்டித்தான் விட்டேன். உருண்டு போனதெல்லாம் சிக்ஸர் ஆகாது.