பூதலூருக்கு ஜூன் 12 ஏன் முக்கியம்?

நம்ம எல்லாருக்கும் ரிலீஸ் டேட்னா என்னன்னு தெரியும். ஒரு நாள் தள்ளிப்போனா மேனேஜர் கத்துவார், அவ்வளவுதான். இன்னைக்குப் பேசப்போறது, தள்ளிப்போனா ஒரு போகமே காலியாகுற ஒரு தேதி பத்தி.

திருச்சியிலிருந்து தஞ்சாவூர் போற பாசஞ்சர்ல ஏறினா நடுவுல பூதலூர்னு ஒரு ஸ்டேஷன் வரும். எங்க அம்மா ஊருக்கு அங்கதான் இறங்கணும். அந்தப் பக்கம் ஓடுற கல்லணைக் கால்வாயை ஊர்ல 'புது ஆறு'ன்னு சொல்லுவாங்க. கல்லணை கரிகாலன் காலத்துது. ஆனா இந்தக் கால்வாய், 1934ல கட்டி முடிச்ச மேட்டூர் அணைத் திட்டத்தோட சேர்ந்து வந்தது. அதனாலதான் அது இன்னும் 'புது' ஆறு.

மேட்டூர் திறக்க வழக்கமான நாள் ஜூன் 12. தண்ணி மூணு நாலு நாள்ல கல்லணைக்கு வரும். அங்கே காவிரி, வெண்ணாறு, புது ஆறுன்னு பிரிச்சு விடுவாங்க. வெள்ளம் மிஞ்சினா கொள்ளிடம்.

சரி, ஏன் ஜூன்? குறுவை நெல்லுக்கு விதையிலிருந்து அறுப்பு வரை சுமார் 110 நாள். ஜூன் கடைசியில விதைச்சா அக்டோபர் நடுவுல அறுப்பு. வடகிழக்குப் பருவமழை பெரும்பாலும் அதுக்கு அப்புறம்தான் பிடிக்கும். அதாவது மழைக்கும் அறுப்புக்கும் நடுவுல பஃபர்னு பெருசா எதுவும் கிடையாது.

2022ல மே 24லேயே திறந்தாங்க. 2024ல அணையில தண்ணி இல்லாம ஜூலை 28 ஆயிடுச்சு. அப்போ குறுவை போட்டா அறுப்பு நவம்பர் மழையில மாட்டும். பம்புசெட் இருக்கிறவங்க முன்னாடியே நட்டுடலாம். ஆத்துத் தண்ணியை நம்பினவங்க குறுவையை விட்டுட்டு, பொங்கலை ஒட்டி அறுக்குற சம்பா மட்டும்தான் போட முடியும். ரெண்டு போகம் ஒண்ணாயிடும்.

தண்ணி சரியா வந்தாலும் கதை முடியாது. அரசு கொள்முதல் நிலையத்துல ஈரப்பதம் 17 சதவீதத்துக்குள்ள இருக்கணும். அதாவது 100 கிலோ நெல்லுல 17 கிலோவுக்கு மேல தண்ணி கூடாது. ஈரம் கூடினா மூட்டைக்குள்ள நெல் சூடேறும், பூஞ்சை பிடிக்கும், அரிசி பழுக்கும். விதியில நியாயம் இருக்கு.

ஒரு அக்டோபர்ல எங்க மாமா நெல்லைக் கொண்டுபோய்க் குவிச்சு, முறைக்குக் காத்திருந்தார். ராத்திரி மழை. தார்ப்பாய் போட்டும் அடியில தண்ணி ஏறிடுச்சு. காலையில மீட்டர் 21 காட்டுச்சு. "காயவச்சுக் கொண்டாங்க"ன்னாங்க. ரோட்டுல கொட்டிக் காயவச்சார், மறுபடி மழை. ரெண்டாவது நாள் அடிநெல் முளைச்சிருந்தது. கடைசியில கிடைச்ச விலைக்கு வியாபாரிக்குப் போட்டார்.

அப்போ என்கிட்ட மாமா கேட்டது இதுதான்: "ஏன் மாப்ள, மழை வரும்னு உன் போன்ல ஒரு வாரம் முன்னாடியே தெரியுதுல்ல? அப்போ ஒரு கூரை போட்டு வைக்க மாட்டாங்களா?"

நான் ஆப் எழுதுறவன். என்கிட்ட பதில் இல்லை. அவருக்குத் தேவைப்பட்டது ஆப் இல்லை. ஒரு ஷெட்டும், நெல் காயவைக்கிற ஒரு மெஷினும்தான்.

அடுத்த ஜூன் 12 அன்னைக்கு மேட்டூர்ல பூ தூவுற நியூஸ் வந்தா ஸ்க்ரோல் பண்ணிடாதீங்க. அப்படியே அக்டோபரையும் ஞாபகம் வச்சுக்கோங்க. அடுத்த எபிசோட்ல பார்ப்போம்.