தலைநகரில் ஒரு கணையாழி

தாய்மொழி வழங்கும் நிலத்தை விட்டுத் தொலைவில் வாழ்வோர் அம்மொழியைப் பேணுவதற்குப் பல வழிகளைக் கைக்கொள்கின்றனர். சங்கம் அமைக்கின்றனர், பள்ளி தொடங்குகின்றனர், கோயில் எழுப்புகின்றனர். இவை யாவும் பிறந்த மண்ணிலிருந்து உடன் கொண்டு வந்ததைக் காக்கும் செயல்கள். போற்றத்தக்கவையே. ஆனால், வந்து சேர்ந்த ஊரில் புதியதொன்றை ஆக்கி, அதனைத் தாய்நிலத்துக்குத் திருப்பி அனுப்புவது அரிதாகவே நிகழ்வது. அத்தகைய அரிய செயலொன்று தில்லித் தமிழரிடையே 1965-ஆம் ஆண்டில் தொடங்கிற்று. அவ்வாண்டு 'கணையாழி' என்னும் தமிழ் மாத இதழ் தலைநகரிலிருந்து வெளிவரலாயிற்று. அதனை ஆக்கியவர்கள் யார், எவ்வாறு ஒன்று சேர்ந்தனர், அவர்களால் விளைந்தது யாது என்பதை இங்கு ஆராய்வோம்.

முதலில் களத்தை அறிதல் வேண்டும். 1911-இல் இந்தியாவின் தலைநகர் கல்கத்தாவிலிருந்து தில்லிக்கு மாற்றப்படுமென அறிவிக்கப்பட்டது. புதுத் தில்லி எழுந்தபோது அரசு அலுவலர்களின் குடியிருப்புகளுக்கு நடுவே, 1921-இல், ஓர் அங்காடி கட்டப்பட்டது. பன்னிரண்டு பக்கங்கள் கொண்டு ஏறத்தாழ வட்டமாகத் தோன்றும் அக்கட்டடத்துக்குக் 'கோல் மார்க்கெட்' என்பது பெயராயிற்று. 'கோல்' என்றால் இந்தியில் வட்டம். சென்னை மாகாணத்திலிருந்து தட்டச்சும் சுருக்கெழுத்தும் கற்று, வடக்கே செல்லும் இரயிலேறிய இளைஞர் பலர் இச்சுற்றுவட்டாரத்து அரசுக் குடியிருப்புகளிலும், அடுத்திருந்த கரோல் பாக் பகுதியிலும் குடியேறினர். பின்னர் மந்திர் மார்க்கில் தமிழ்ப் பிள்ளைகள் பயிலும் பள்ளி அமைந்தது. 1946-இல் தில்லித் தமிழ்ச் சங்கம் தோன்றியது. அலுவலகத்தில் ஆங்கிலம், கடைத்தெருவில் இந்தி, வீட்டில் தமிழ் என்னும் மும்மொழி வாழ்வு இத்தலைமுறைக்கு இயல்பாயிற்று.

இவ்வாழ்வை 1965 பெரிதும் அசைத்தது. அவ்வாண்டு சனவரி 26 முதல் இந்தி மத்திய அரசின் ஆட்சிமொழியாகும் நிலை வந்தது, தமிழகத்தில் மாணவர் கிளர்ச்சி மூண்டது, உயிர்ச்சேதமும் நேர்ந்தது. மத்திய அமைச்சர்களான சி. சுப்பிரமணியமும் ஓ. வி. அளகேசனும் பிப்ரவரியில் பதவி விலகல் கடிதம் அளித்தனர். ஆங்கிலம் தொடர்ந்து வழங்குமென்று பிரதமர் லால் பகதூர் சாஸ்திரி உறுதி கூறினார். தில்லியில் மத்திய அரசுப் பணியிலிருந்த தமிழரின் நிலையை எண்ணிப் பாருங்கள். ஊரிலிருந்து வரும் கடிதம் ஒன்று கூறும். மேசையின் மேலுள்ள கோப்பு வேறொன்று கூறும். இரண்டையும் ஒரே மனத்தில் தாங்க வேண்டியவர் அவர். கிளர்ச்சி ஓய்ந்த சில மாதங்களுக்குள், அதே ஆண்டில், கணையாழி பிறந்தது.

இதழைத் தொடங்கியவர் கி. கஸ்தூரிரங்கன். 'நியூயார்க் டைம்ஸ்' என்னும் அமெரிக்க நாளேட்டின் தில்லி அலுவலகத்தில் பணியாற்றியவர்; பிற்காலத்தில் 'தினமணி' நாளேட்டின் ஆசிரியராகவும் விளங்கியவர். பத்திரிகையாளராகிய அவர் தொடங்கிய இதழில் தொடக்கத்தில் அரசியலுக்குக் கணிசமான இடம் இருந்தது. காலம் செல்லச் செல்ல இலக்கியத்தின் பங்கு மிகுந்தது. ஆயினும், நாட்டு நடப்பும் கலையும் ஒரே அட்டைக்குள் அமரலாம் என்ற எண்ணம் நிலைத்து நின்றது.

இனி, இவ்விதழைச் சூழ்ந்திருந்தோரைக் காண்போம். இந்திரா பார்த்தசாரதி தில்லிப் பல்கலைக்கழகத்தில் தமிழ்ப் பேராசிரியர். ஆழ்வார் பாசுரங்களில் தோய்ந்த அவரே, தலைநகரின் அரசியல் நாடகங்களைக் கேலியோடு நோக்கிய 'தந்திர பூமி', 'சுதந்திர பூமி' ஆகிய நாவல்களையும் எழுதினார். சுஜாதா எனப் பின்னர் புகழ்பெற்ற எஸ். ரங்கராஜன் அந்நாளில் விமானப் போக்குவரத்துத் துறையில் பணிபுரிந்த பொறியியல் பட்டதாரி. 'ஸ்ரீரங்கம் எஸ். ஆர்.' என்ற பெயரில் அவர் எழுதிய கடைசிப் பக்கம், புதுக்கவிதை முதல் திரைப்படம் வரை, விஞ்ஞானம் முதல் நாட்டார் பாடல் வரை எதனையும் விட்டுவைக்கவில்லை. வாசகர் பலர் இதழைக் கடைசிப் பக்கத்திலிருந்தே திறந்தனர் எனக் கூறுவதுண்டு.

தி. ஜானகிராமன் தஞ்சை மண்ணின் இசையும் மொழியும் ஊறியவர். ஆசிரியராயிருந்து வானொலிக்கு வந்தவர். கல்வி ஒலிபரப்புப் பொறுப்பேற்று 1968-இல் தில்லிக்கு மாறினார். அவருடைய 'நளபாகம்' கணையாழியில் தொடராக வந்தது. 1982-இல் காலமாகும்முன் இதழின் ஆசிரியப் பொறுப்பையும் அவர் வகித்தார். க. நா. சுப்ரமண்யம் உலக இலக்கியங்களைத் தமிழுக்குக் கொணர்ந்த விமரிசகர். ஏறத்தாழ இருபது ஆண்டுகள் தில்லியில் வாழ்ந்து, 1988-இல் அங்கேயே மறைந்தார். ஆதவன் இரயில்வேயிலும் பின்னர் நேஷனல் புக் டிரஸ்டிலும் பணியாற்றியவர். தில்லி நடுத்தரக் குடும்பங்களின் போலித்தனத்தைக் 'காகித மலர்கள்' நாவலில் கூர்ந்து காட்டினார். ஹிராகுட் அணைத் திட்டத்திலும் பின்பு தில்லியிலும் அரசுப் பணி ஆற்றிய வெங்கட் சாமிநாதன், ஓவியமும் திரைப்படமும் கூத்தும் இலக்கியத்துக்கு அயலானவை அல்ல என்று வாதிட்டு வந்தார்.

தில்லிக்கு வெளியிலும் இதன் வேர்கள் பரவின. ஹைதராபாத் சமஸ்தானத்துச் செகந்திராபாத்தில் பிறந்து வளர்ந்த அசோகமித்திரன், சென்னையில் இருந்தபடி நெடுங்காலம் இதழின் ஆசிரியப் பணியைச் செய்தார். குடிநீருக்குத் தவிக்கும் சென்னைத் தெருவைச் சித்திரித்த அவருடைய 'தண்ணீர்' 1971-இல் இவ்விதழில்தான் தொடராக வந்தது. பெங்களூரிலும் பம்பாயிலும் வளர்ந்து, தில்லியில் ஆராய்ச்சிப் பட்டம் பெற்ற அம்பையின் 'சிறகுகள் முறியும்' என்னும் கதையும் கணையாழியில் வெளியாயிற்று.

இப்பெயர்களில் ஒன்றைக் கவனிக்கலாம். பெரும்பாலானவை புனைபெயர்கள். இருவர் தம் மனைவியரின் பெயரைச் சேர்த்தோ ஏற்றோ எழுதினர்: ஒருவர் இந்திராவை முன்னிறுத்தினார், மற்றவர் சுஜாதா என்றே ஆனார். சுஜாதாவின் தேர்வுக்கு, ஏற்கெனவே ரங்கராஜன் என்ற பெயரில் மற்றோர் எழுத்தாளர் இருந்தமை காரணம். எனினும், மத்திய அரசுப் பணியில் இருக்கும் நாம் அறிந்த மற்றொரு சூழலும் உண்டு. 1964-ஆம் ஆண்டின் மத்தியக் குடிமைப் பணி நடத்தை விதிகள், அரசு ஊழியர் பத்திரிகைகளுக்கு எழுதுவதற்கு முன் அனுமதி தேவை என்று அந்நாளில் கூறின. முற்றிலும் இலக்கியம், கலை, அறிவியல் சார்ந்த எழுத்துக்கு மட்டும் விலக்கு அளித்தன. ஆகவே, பகலில் கோப்பெழுதி இரவில் கதையெழுதிய ஒருவர், தம் சொற்களில் எது இலக்கியம், எது அரசியல் என்னும் எல்லையை எப்பொழுதும் தம் மனத்திலேயே வகுத்துக்கொள்ள வேண்டியிருந்தது. நேரே கண்டிக்க இயலாததைச் சிரிப்பால் சுட்டும் நடை இத்தகைய சூழலில் வளர்ந்ததில் வியப்பில்லை.

இவர்களை இணைத்தது ஒரே கொள்கை அன்று. 1933-இல் சென்னையில் தோன்றிய 'மணிக்கொடி' விடுதலைப் போரின் அனலில் பிறந்தது. 1959-இல் சி. சு. செல்லப்பா தொடங்கிய 'எழுத்து' விமரிசனத்தையும் புதுக்கவிதையையும் தன் நோக்கமாகக் கொண்டது. கணையாழிக்கு அத்தகைய ஒற்றைக் கொடி இல்லை. பக்தி இலக்கியம் கற்பிப்பவரும், விமானங்களின் வழியறிந்தவரும், வானொலியாளரும், நிருபரும் அதில் இருந்தனர். ஒருவர் கருத்தை மற்றவர் ஒப்பவேண்டிய கட்டாயம் இல்லை. அவர்களுக்குப் பொதுவாக இருந்தது தொலைவு. தமிழகத்தின் கட்சிச் சண்டைகளையும் வணிகப் பத்திரிகைகளின் விருப்பங்களையும் இரண்டு நாள் இரயில் பயணத்துக்கு அப்பாலிருந்து நோக்கும் வாய்ப்பு அவர்களுக்கு இருந்தது. வங்காளி, பஞ்சாபி, மலையாளி அண்டை வீட்டாரோடு பழகியதால், தம் மொழியைப் பிற மொழிகளின் அருகில் நிறுத்தி அளவிடவும் முடிந்தது.

ஆனால் தொலைவு கொடுப்பது மட்டுமன்று, எடுத்துக்கொள்வதும் உண்டு. இதற்கு இந்திரா பார்த்தசாரதியின் 'குருதிப்புனல்' தக்க சான்று. 1968 டிசம்பர் 25 அன்று தஞ்சை மாவட்டம் கீழவெண்மணியில், கூலி உயர்வு கேட்ட விவசாயத் தொழிலாளர் குடும்பங்களைச் சேர்ந்த 44 பேர் ஒரு குடிசைக்குள் எரித்துக் கொல்லப்பட்டனர். மாண்டோருள் பெண்களும் குழந்தைகளுமே மிகுதி. அந்நிகழ்ச்சியை அடிப்படையாகக் கொண்டு தில்லியில் எழுதப்பட்ட இந்நாவல் கணையாழியில் தொடராக வந்தது. 1977-இல் சாகித்திய அகாதெமி விருது பெற்றது. அதே வேளையில் கடுமையான எதிர்ப்பையும் அது சந்தித்தது. நிலக்கிழாரின் கொடுமைக்கு அவருடைய ஆண்மைக் குறைவைக் காரணமாக்கியதால், கூலிக்கும் சாதிக்கும் உரிய இடம் குறைந்துவிட்டதென்று இடதுசாரி விமரிசகர்கள் கூறினர். இவ்வாதம் இன்றும் தீரவில்லை. தமிழகத்தில் பலர் பேசத் தயங்கிய கொடுமையைத் தில்லியிலிருந்த ஒருவர் நாவலாக்கியது தொலைவு தந்த துணிவு எனலாம். வயலின் சேறு காலில் படாததால் சில உண்மைகள் நழுவின என்பாரையும் எளிதில் மறுத்தல் இயலாது.

இதனோடு சேர்த்து நாம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. இவ்வெழுத்தாளர்கள் தொழிலாலும் எண்ணத்தாலும் பலவகையினர். வாழ்நிலையால் அவ்வளவு பலவகையினர் அல்லர். பெரும்பாலோர் மேற்சாதியில் பிறந்து, பட்டம் பெற்று, மாதச் சம்பளத்தில் வாழ்ந்த ஆடவர். தில்லிக்கு வந்த தமிழரோ இவர்கள் மட்டும் அல்லர். வீட்டு வேலைக்கும் கூலி வேலைக்கும் வந்த குடும்பங்கள் ஜங்புரா அருகே, பாராபுல்லா வடிகாலின் ஓரத்தில், 'மதராசி கேம்ப்' என்னும் குடியிருப்பில் பல பத்தாண்டுகள் வாழ்ந்தன. நீதிமன்ற ஆணையின்படி 2025 சூன் முதல் நாளன்று அக்குடியிருப்பு இடிக்கப்பட்டது. ஒரு பகுதியினருக்கே தொலைவிலுள்ள நரேலாவில் மாற்று வீடு ஒதுக்கப்பட்டது. கோல் மார்க்கெட் குமாஸ்தாவின் மனக்கசப்பைத் தமிழ் இலக்கியம் நன்கறியும். வடிகால் ஓரத்தில் வாழ்ந்த தமிழ்த்தாயின் சொற்களை அது அந்த அளவுக்கு அறியவில்லை. இது கணையாழியின் குறை மட்டுமன்று. எழுதக் கற்றவர்களே எழுதும் எம்மொழிக்கும் உரிய குறை. ஆயினும் குறை குறையே.

இதழின் பிற்கால வரலாறு சுருக்கமானது. ஜானகிராமன் மறைந்தபின் அவர் நினைவாகக் குறுநாவல் போட்டி நடத்தப்பட்டு, இளம் எழுத்தாளர் பலருக்கு அது வாயிலாயிற்று. நிர்வாகம் கைமாறியது; இதழ் தமிழகத்தைத் தன் இருப்பிடமாக்கிக்கொண்டது; இடையில் நின்றதும் உண்டு, மீண்டும் தொடங்கியதும் உண்டு. தொடங்கியவரான கஸ்தூரிரங்கன் 2011-இல் காலமானார். கோல் மார்க்கெட்டைச் சூழ்ந்த பழைய அரசுக் குடியிருப்புகள் பலவும் இன்று உருமாறிவிட்டன.

கணையாழி என்பது விரல் மோதிரம். இராமகாதையில் அது கடல் கடந்து செல்லும் அடையாளம். சிறைப்பட்டிருந்த சீதைக்குத் தன்னை நினைப்பார் உளர் என்று அறிவித்த பொருள். கொண்டு சென்றவன் கையில் அது வெறும் பொன், பெற்றவளுக்கோ உயிர். பம்பாயிலும் பெங்களூரிலும் கல்கத்தாவிலும் தில்லியிலும் வாழும் தமிழர்களாகிய நம் வீடுகளில் இன்று தமிழ் பேசும் பிள்ளைகள் உண்டு. தமிழ் படிக்கும் பிள்ளைகள் குறைவு. பேச்சு ஒரு தலைமுறை வரை துணைவரும். எழுத்து மட்டுமே முன்பின் அறியாத ஒருவரிடம் சென்று சேரும். கோப்புகளுக்கிடையே எழுதிய அச்சிலரை நாம் நினைப்பதற்குக் காரணம் அவர்கள் பெற்ற விருதுகள் அல்ல. தாம் வாழ்ந்த ஊரைத் தம் மொழியில் எழுதலாம் என்று அவர்கள் நம்பினார்கள். நம் பிள்ளைகளுக்கு இன்று மாலை பத்து வரி தமிழ் படிக்கக் கற்பித்தால், அவர்கள் வாழும் ஊரும் ஒருநாள் தமிழில் எழுதப்படக்கூடும்.