ஏ. லலிதா

ஏ. லலிதா (அய்யலசோமயாஜுல லலிதா, ஆகஸ்ட் 27, 1919 – அக்டோபர் 12, 1979) இந்தியாவின் முதல் பெண் பொறியாளர்களுள் ஒருவர். மின்பொறியியலில் பட்டம் பெற்ற முதல் இந்தியப் பெண்ணாக அறியப்படுகிறார். பதினெட்டு வயதில் கைக்குழந்தையுடன் கைம்பெண்ணான இவர், மகளை வளர்ப்பதற்கு எத்தொழில் ஏற்றது என்பதைக் கருத்தில் கொண்டே தமது துறையைத் தெரிவு செய்தார்.

இளமை

சென்னையில் தெலுங்குக் குடும்பமொன்றில் பிறந்தார். தந்தை பப்பு சுப்பாராவ் கிண்டி பொறியியற் கல்லூரியில் மின்பொறியியல் பேராசிரியர். அக்கால வழக்கப்படி லலிதாவுக்கு 1934 இல், பதினைந்தாம் வயதில் திருமணம் நடந்தது. 1937 இல் மகள் பிறந்த நான்கு மாதங்களில் கணவர் காலமானார். லலிதா தந்தையின் இல்லம் திரும்பி, இராணி மேரி கல்லூரியில் இடைநிலை வகுப்பு பயின்று முதல் வகுப்பில் தேறினார்.

துறைத் தெரிவு

அன்று படித்த பெண்களுக்கு மருத்துவம் ஓரளவு திறந்திருந்த துறை. ஆயினும் மருத்துவர் நள்ளிரவில் அழைப்பு வந்தாலும் குழந்தையை விட்டுச் செல்ல வேண்டியிருக்கும் என்பதால் லலிதா அதனை விரும்பவில்லை. பகலில் வேலை, மாலையில் வீடு என்றமையக்கூடிய தொழிலையே நாடினார். தந்தையும் உடன்பிறந்தாரும் இருந்த பொறியியல் அவ்வாறு தோன்றியது. ஆனால் கிண்டியில் அதுவரை ஒரு பெண்ணும் சேர்ந்ததில்லை. கல்லூரி முதல்வர் கே. சி. சாக்கோவிடமும், பொதுக்கல்வி இயக்குநர் ஆர். எம். ஸ்டாதமிடமும் தந்தை பேசி இசைவு பெற்றார்.

1940 இல் லலிதா கல்லூரியில் சேர்ந்தார். அடுத்து பி. கே. திரேசியா, லீலாம்மா ஜார்ஜ் ஆகியோர் கட்டடப் பொறியியலில் சேர்ந்தனர். லலிதா விடுதியில் தங்கிப் பயின்ற காலத்தில் குழந்தை உறவினர் பராமரிப்பில் இருந்தது. இரண்டாம் உலகப் போரை முன்னிட்டுப் படிப்புக்காலம் குறைக்கப்பட்டதால் 1943 இலேயே பட்டம் பெற்றார். சான்றிதழில் ஆண்பாலில் அச்சிடப்பட்டிருந்த சொல்லை அடித்துப் பெண்பாலாகத் திருத்தித் தர வேண்டியிருந்தது.

பணியும் மகளும்

ஜமால்பூர் ரயில்வே பணிமனையில் பயிற்சி முடித்த பின், 1944 இல் சிம்லாவில் மத்தியத் தர நிர்ணய அமைப்பில் பொறியியல் உதவியாளரானார். அங்கு சகோதரர் குடும்பம் இருந்தமையால் மகளையும் உடன் வைத்துக்கொள்ள முடிந்தது. இரண்டாண்டுகளுக்குப் பின் சென்னை திரும்பித் தந்தையின் ஆய்வுகளில் உதவினார். 1948 இல் கல்கத்தாவில் அசோசியேட்டட் எலக்ட்ரிக்கல் இன்டஸ்ட்ரீஸ் நிறுவனத்தில் சேர்ந்தார். அங்கும் ஒரு சகோதரர் வசித்தார். மின்செலுத்துத் தடங்கள், துணை மின்நிலைய அமைப்புகள் ஆகியவற்றை வடிவமைத்த இவர், பக்ரா நங்கல் அணைக்கான மின்னாக்கிகள் தொடர்பான பணியிலும் ஈடுபட்டார்.

இவ்வாறு, இவர் வேலை பார்த்த ஊர்கள் எல்லாமே குழந்தையைப் பார்த்துக்கொள்ள உறவினர் இருந்த ஊர்களாகும். அத்தகைய உறவினர் வாய்க்காத பெண்களுக்கு இவ்வழி இருந்திருக்காது என்பதையும் கருத வேண்டும். அலுவலகப் பெண்களுக்குச் சட்டம் பின்னரே துணைவந்தது. 1948 ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம் குழந்தைகள் காப்பகத்தைத் தொழிற்சாலைப் பெண்களுக்கு மட்டுமே வகுத்தது. 1961 ஆம் ஆண்டின் பேறுகாலப் பயன் சட்டம் 12 வார விடுப்பு அளித்தது. 2017 இல் அது முதலிரு குழந்தைகளுக்கு 26 வாரமாக உயர்ந்து, ஐம்பது அல்லது அதற்கு மேற்பட்ட ஊழியர் கொண்ட நிறுவனங்களில் காப்பகமும் கட்டாயமாயிற்று. எனினும் பேறுகால விடுப்பு மாதக் கணக்கிலானது. லலிதாவுக்குத் தேவைப்பட்டதோ பல ஆண்டுகளுக்கான துணை.

பிற்காலம்

1953 இல் இலண்டன் மின்பொறியாளர் கழகம் இவரை இணை உறுப்பினராகவும், 1966 இல் முழு உறுப்பினராகவும் ஏற்றது. 1964 ஜூனில் நியூயார்க்கில் நடந்த பெண் பொறியாளர், அறிவியலாளர்களின் முதலாவது பன்னாட்டு மாநாட்டில் கலந்துகொண்டார். மகள் அப்போது வளர்ந்து பெரியவளாகியிருந்தார். 1977 இல் ஓய்வு பெற்ற லலிதா, இரண்டாண்டுகளுக்குப் பின், அறுபதாவது வயதில் காலமானார்.