நர்மதைக் கரையில் அதிதியாக

முதுகில் ஒரு பையைச் சுமந்துகொண்டு, பாரத தேசத்தின் கிராமங்களைக் கால்நடையாகவே கண்டு வர வேண்டும் என்னும் ஆவலோடு புறப்படுகிற இளைஞர்களும் யுவதிகளும் இக்காலத்தில் பெருகி வருகிறார்கள். எங்கே தங்குவது, யார் சோறிடுவார்கள் என்று கவலைப்படும் அவர்களுக்கு நான் முதலில் சொல்ல விரும்புவது நர்மதைக் கரையைத்தான்.

மைக்கல் மலைத்தொடரில் அமர்கண்டக்கில் ஊற்றெடுத்து, விந்தியத்துக்கும் சாத்பூராவுக்கும் இடையே மேற்கு நோக்கி 1,312 கிலோமீட்டர் ஓடி, குஜராத்தில் பரூச் நகரைக் கடந்து கடலில் சங்கமமாகும் அந்நதியை, எப்போதும் வலப்புறத்திலேயே வைத்துக்கொண்டு, நடுவில் எங்கும் குறுக்கே கடக்காமல், இரு கரைகளையும் நடந்தே சுற்றி வருவதற்குப் பரிக்கிரமா என்று பெயர். சங்கமத்தில் மட்டும் படகேறி மறுகரை சேரலாம். பழைய நியமப்படி இதற்கு 3 வருஷம், 3 மாதம், 13 நாள். இன்று வேகமாக நடப்பவர்கள் சில மாதங்களிலேயே முடித்துவிடுகிறார்கள்.

கையில் காசில்லாதவனும் இந்தப் பெருவழியை நடந்து முடிக்கக் காரணமாக இருப்பது சதாவ்ரத் என்னும் ஏற்பாடு. யாத்திரிகன் தன் கையாலேயே சமைத்து உண்ண வேண்டும் என்பது பழைய வழக்கமாதலால், கோதுமை மாவு, பருப்பு, உப்பு, மிளகாய் என்று பண்டங்களாகவே அளிப்பார்கள். பொழுது சாயும் வேளையில் ஒருவன் ‘நர்மதே ஹர்’ என்று குரல் கொடுத்துக்கொண்டு வாசலில் நின்றால், வீட்டு அம்மாள் உள்ளே சென்று மாவை அளந்து வந்து அவன் விரித்த துண்டில் கொட்டுகிறாள். உப்பையும் மிளகாய்த்தூளையும் தனித்தனியே மடித்துத் தருகிறாள். நாலைந்து வரட்டிகளை எடுத்துப் போட்டு, தண்ணீர் இருக்கும் திசையையும் காட்டுகிறாள். அந்த வரட்டித் தணலில் சுட்ட ‘டிக்கட்’ என்னும் தடித்த ரொட்டி, மேலே அங்கங்கே கருகி, உள்ளே சற்று ஈரமாக இருக்கும். சாம்பலைத் தட்டிவிட்டு, பருப்பில் தோய்த்து உண்ண வேண்டும். நாள் முழுவதும் நடந்து களைத்தவனுக்கு அதைவிட உயர்ந்த போஜனம் வேறில்லை.

இவ்விதம் கொடுக்கிறவர்கள் தாங்கள் உபகாரம் செய்வதாக நினைப்பதில்லை. வயலையும் மாட்டையும் விட்டு நகர முடியாத கிரகஸ்தன், தன்னால் செய்யக் கூடாத பிரதட்சிணத்தில் ஒரு பிடி மாவின் மூலம் பங்கு பெறுகிறான். ஆகவே அவன் சார்பிலும் சேர்த்தே யாத்திரிகன் நடக்கிறான். இதை உணர்ந்தவன் அன்றைக்கு வேண்டியதற்கு மேல் வாங்கிச் சேர்த்து வைக்க மாட்டான். ரூபாய் நோட்டை நீட்டி அவர்கள் மனத்தைப் புண்படுத்தவும் மாட்டான். கடந்து வந்த ஊர்களின் சேதியைக் கேட்பவர்களுக்குப் பொறுமையாக எடுத்துச் சொல்வதே அவன் செலுத்தக்கூடிய கைம்மாறு.

அணைகள் எழுந்த பிறகு பழைய பாதையின் பல பகுதிகள் நீருக்குள் போய்விட்டன. 2004இல் இந்திரா சாகர் நீர்த்தேக்கத்துக்காக ஹர்சூத் என்னும் ஊரே காலி செய்யப்பட்டது; கரையோரத்துக் கிராமங்கள் எத்தனையோ இடம் பெயர்ந்தன. தலைமுறை தலைமுறையாக அன்னியனுக்கு இடம் கொடுத்தவர்கள் தாமே இடம் தேடிப் போக நேர்ந்ததை எண்ணும்போது நெஞ்சு கனக்கிறது. அந்தப் பழைய கரைகள் மூழ்குமுன் அவற்றைக் கண்ணாரக் கண்டு, சித்திரமாகவும் எழுத்தாகவும் தந்தவர் ஜபல்பூர் ஓவியர் அமிர்தலால் வேகட். சாந்திநிகேதனில் நந்தலால் போஸிடம் பயின்ற அவர், 1977இல் தொடங்கி, பல ஆண்டுகளில் பகுதி பகுதியாகவே நடந்தார்.

அவரைப் போலவே நம்மவரும் ஒரு பகுதியை மட்டும் நடக்கலாம். தீபாவளி கழிந்து வரும் வளர்பிறை ஏகாதசியோடு மழைக்காலச் சாதுர்மாசியம் முடிகிறது; அதன்பின் பாதை உலர்ந்திருக்கும், குளிரும் கடுமையாக இராது. ரெயிலில் கண்டுவா சேர்ந்து, அங்கிருந்து பஸ்ஸில் ஓங்காரேசுவரம் போய், தென்கரையோடு மேற்கே நடந்தால், சிவலிங்கங்களைக் கடைந்தெடுக்கும் பகாவன் கிராமத்தைக் கடந்து, சில நாட்களில் நாவ்டாடோலியை அடையலாம். எதிர்க்கரையில் அகல்யாபாய் ஹோல்கரின் தலைநகரான மகேசுவர் தெரியும். பரிக்கிரமா சங்கல்பம் செய்துகொண்டவர்கள் அங்கே ஆற்றைக் கடக்கலாகாது. மற்றவர்கள் படகுக்காரருக்குரிய கூலியைக் கொடுத்துவிட்டு அக்கரை போய்வரலாம்.