படுத்த யானையை வாங்கிய ஏழை அணி!

அமெரிக்காவில் குளிர்காலம் வந்துவிட்டால் பேஸ்பால் மைதானங்கள் பூட்டப்பட்டுவிடும். 162 ஆட்டங்கள் ஆடிக் களைத்த வீரர்கள் வீட்டுக்குப் போய்விடுவார்கள்.

ஆனால் அணியின் மானேஜருக்கு அப்போதுதான் வேலை ஆரம்பம். யார் விலகிப் போகிறார்? அவர் இடத்துக்கு யாரைப் பிடிப்பது? என்ன சம்பளம் கொடுப்பது? பெண்ணைப் பெற்றவர் வரன் தேடி அலைவதைப்போல ஓயாத தேடல்!

2001ம் ஆண்டுக் குளிர்காலத்தில் அப்படி ஒரு தேடல் நடந்தது. தேடியது, கலிபோர்னியா மாநிலத்தில் உள்ள ஓக்லண்ட் நகர அணி. தேவைப்பட்டது, ஓர் அவுட்பீல்டர். அவரைப் பிடிக்கக் கையில் இருந்த பணமோ கொஞ்சம்!

அந்தத் தேடல் பிறகு புத்தகமாக வந்தது. சினிமாவாகவும் வந்தது.

மூவர் போனார்கள்

2001ம் ஆண்டில் ஓக்லண்ட் அணி 102 ஆட்டங்களில் வெற்றி பெற்றது. இறுதிச் சுற்றுகளில் முதல் சுற்றிலேயே பணக்கார நியூயார்க் யாங்கீஸ் அணியைச் சந்தித்தது. முதல் இரண்டு ஆட்டங்களையும் வென்றது. பிறகு மூன்றையும் தோற்று வெளியேறியது.

அடி அதோடு நிற்கவில்லை. ஒப்பந்தம் முடிந்த மூன்று முக்கிய வீரர்களைப் பணக்கார அணிகள் கொத்திக்கொண்டு போயின.

ஜேசன் ஜியாம்பியை யாங்கீஸ் அணியே எடுத்துக்கொண்டது. 7 ஆண்டுகளுக்குச் சம்பளம் எவ்வளவு தெரியுமா? 12 கோடி டாலர்! பந்து எறிபவரான இஸ்ரிங்ஹாசன் செயின்ட் லூயிஸ் அணிக்குப் போனார். நடுக்களத்தில் நின்ற அவுட்பீல்டர் ஜானி டேமன் பாஸ்டனுக்குப் போனார். அவருக்கு 4 ஆண்டுகளுக்கு 3 கோடியே 10 லட்சம் டாலர்.

ஓக்லண்ட் அணி தன் வீரர்கள் எல்லோருக்கும் சேர்த்து ஓராண்டில் கொடுத்த சம்பளமே சுமார் 4 கோடி டாலர்தான். யாங்கீஸ் கொடுத்ததோ 12 கோடிக்கு மேல்! ஏழை எப்படிப் போட்டி போடுவது?

ஆட்டம் எப்படி?

பேஸ்பால், கிரிக்கெட்டுக்கு ஒன்றுவிட்ட தம்பி மாதிரி. ஒருவர் பந்து எறிவார். ஒருவர் மட்டையால் அடிப்பார். அடித்தவர் நான்கு மூலைகளையும் சுற்றி, புறப்பட்ட இடத்துக்கே வந்து சேர்ந்தால் ஓர் ஓட்டம். பந்தை மைதானத்துக்கு வெளியே அடித்துவிட்டால் அது ‘ஹோம் ரன்’.

மைதானத்தின் கோடியில் இடது, நடு, வலது என்று மூன்று பேர் நிற்பார்கள். இவர்கள்தான் அவுட்பீல்டர்கள். வானத்தில் பறந்து வரும் பந்தை ஓடிப்போய்ப் பிடிக்க வேண்டும். பிடித்த பந்தைத் தூரத்திலிருந்து குறி தவறாமல் எறிய வேண்டும். மட்டை கைக்கு வந்தால் விளாசவும் வேண்டும். காலும் கையும் கண்ணும் சரியாக உள்ள அவுட்பீல்டருக்கு விலை அதிகம்.

பேஸ்பாலில் இன்னொரு விதி உண்டு. பந்து எறிபவர் எல்லைக்கு வெளியே 4 பந்துகளை எறிந்துவிட்டால், மட்டைக்காரர் அடிக்காமலேயே முதல் மூலைக்கு நடந்து போகலாம். இதற்கு ‘வாக்’ என்று பெயர்.

இதில்தான் ரகசியம் இருந்தது!

விலை போகாத சரக்கு

ஒரு ஆட்டத்தில் ஒரு அணிக்கு உள்ளது 27 ‘அவுட்’. கையில் உள்ள 27 காசு மாதிரி. அவை தீர்ந்தால் ஆட்டம் முடிந்தது. ஆகவே, அவுட் ஆகாமல் முதல் மூலைக்குப் போய்ச் சேருபவர், அணியின் காசைச் செலவழிக்காமல் காப்பாற்றுகிறார். அடித்துப் போனால் என்ன, நடந்து போனால் என்ன?

ஆனால், நடந்து போகிறவருக்கு யார் கை தட்டுகிறார்கள்? பழைய கணக்குப்படி ஒரு வீரரின் ‘சராசரி’யில் இந்த நடை சேருவதே இல்லை. எனவே பொறுமையாக நின்று, கெட்ட பந்தைத் தொடாமல் விடுபவருக்குச் சந்தையில் விலை குறைவாகவே இருந்தது.

ஓக்லண்ட் அணியின் ஜெனரல் மானேஜர் பில்லி பீன் இதைக் கவனித்தார். ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் பொருளாதாரம் படித்த பால் டிபொடெஸ்டா என்ற இளைஞர் அவருக்கு உதவியாளர். இருவரும் பெயரைப் பார்க்கவில்லை. கணக்கைப் பார்த்தார்கள்.

ஏமாந்தவருக்குத் தெரியும்

பில்லி பீனும் ஒரு காலத்தில் அவுட்பீல்டர்தான். நல்ல உயரம். வாட்டசாட்டமான உடல். மான் போல ஓடுவார். ‘இவன் பெரிய நட்சத்திரமாக வருவான்’ என்று ஆள் தேடும் நிபுணர்கள் அடித்துச் சொன்னார்கள். ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தில் படிக்க இருந்தவர், படிப்பை விட்டு 1980ம் ஆண்டு நியூயார்க் மெட்ஸ் அணியில் ஒப்பந்தமானார்.

நடந்தது என்ன? நான்கு அணிகளுக்கு மாறினார். பெரிய பந்தயங்களில் மொத்தம் 148 ஆட்டங்கள் ஆடினார். அடித்த ஹோம் ரன் மூன்றே மூன்று! 1990ம் ஆண்டு, ‘இனி ஆடவில்லை, ஆள் பார்க்கும் வேலை கொடுங்கள்’ என்று ஓக்லண்ட் அணியில் கேட்டு வாங்கிக்கொண்டார்.

தோற்றத்தைப் பார்த்து விலை போட்டால் என்ன ஆகும் என்பது அவருக்குச் சொந்த அனுபவம்.

யானை படுத்தாலும்...

2001 டிசம்பரில் பீன் ஓர் ஆளைப் பிடித்தார். பெயர் டேவிட் ஜஸ்டிஸ்.

ஒரு காலத்தில் கொடிகட்டிப் பறந்தவர் அவர். 1995ம் ஆண்டு உலகத் தொடரின் கடைசி ஆட்டத்தில் அட்லாண்டா அணி 1-0 என்று வென்று கோப்பையைப் பிடித்தது. அந்த ஒரே ஓட்டம் ஜஸ்டிஸ் அடித்த ஹோம் ரன்! 2000ம் ஆண்டில் 41 ஹோம் ரன்கள் அடித்தார்.

ஆனால் 2001ல் காயம். கால் முன்போல் ஓடவில்லை. யாங்கீஸ் அணி அவரை மெட்ஸ் அணிக்குத் தள்ளியது. ஒரே வாரத்தில் மெட்ஸ் அணி அவரை ஓக்லண்டுக்குத் தள்ளிவிட்டது. அடுத்த ஏப்ரலில் வயது 36. மாட்டுச் சந்தையாக இருந்தால் பல்லைப் பிடித்துப் பார்த்துவிட்டு நகர்ந்துவிடுவார்கள்!

அவர் சம்பளம் 70 லட்சம் டாலர். அதிலும் ஒரு பகுதியை வேறு அணி ஏற்றுக்கொண்டது. அதனால்தான் ஓக்லண்டுக்குக் கட்டியது.

பீன் ஏன் வாங்கினார்? வயதானால் வீரரின் கால் போகும், தோள் போகும். ஆனால் நல்ல பந்து எது, கெட்ட பந்து எது என்று பிரிக்கும் கண் கடைசியில்தான் போகும் என்பது அவர்கள் கணக்கு. யானை படுத்தாலும் குதிரை மட்டம்!

கணக்குப் பொய்க்கவில்லை. 2002ல் ஜஸ்டிஸ் 118 ஆட்டங்கள் ஆடினார். ஹோம் ரன் பதினொன்றுதான். ஆனால், ஆயிரத்துக்கு 376 என்ற விகிதத்தில் அவுட் ஆகாமல் முதல் மூலையை எட்டினார். டேமன் ஓக்லண்டில் ஆடிய ஆண்டில் எட்டியது ஆயிரத்துக்கு 324தான். டேமனின் ஓட்டம் ஜஸ்டிஸுக்கு இல்லை, உண்மைதான். அந்த ஓட்டத்துக்குக் கொடுக்க ஓக்லண்டிடம் பணமும் இல்லை!

முழங்கை போனவர்

இதே கணக்கில் இன்னொருவரும் வந்தார். ஸ்காட் ஹேட்டபெர்க். முழங்கை நரம்பு கெட்டு, பந்தை எறிய முடியாமல் போனவர். அவருக்குக் கொடுத்தது 10 லட்சம் டாலருக்கும் குறைவு. ‘முதல் மூலையில் காவல் நில்’ என்றார்கள். அவர் அதுவரை அங்கே நின்றதில்லை! வீட்டருகே டென்னிஸ் மைதானத்தில் அவர் மனைவி பந்தை அடித்து விட, அதைப் பிடித்துப் பிடித்துப் பழகினார்.

2002 செப்டம்பர் 4. ஓக்லண்ட் மைதானத்தில் 55,000 பேருக்கு மேல் கூட்டம். அணி தொடர்ந்து 19 ஆட்டங்களில் வென்றிருந்தது. அன்று கான்சாஸ் சிட்டி அணிக்கு எதிராக 11-0 என்று முன்னிலை. ஆனால் எதிரி விடவில்லை. 11-11 சமம்! கூட்டம் மூச்சு விடவில்லை.

கடைசிக் கட்டத்தில் ஹேட்டபெர்க் மட்டையோடு வந்தார். அடித்தார். பந்து வேலியைத் தாண்டிப் போயிற்று. 12-11! தொடர்ந்து 20 வெற்றிகள். அமெரிக்கன் லீக்கில் அதுவரை எந்த அணியும் செய்யாத சாதனை அது. 2017ல் கிளீவ்லண்ட் அணி 22 வென்று அதை முறியடித்தது.

அந்த ஆண்டு ஓக்லண்ட் 103 ஆட்டங்களில் வென்றது. பணக்கார யாங்கீஸ் வென்றதும் அதே 103!

கோப்பை கிடைத்ததா?

இல்லை. இறுதிச் சுற்றுகளின் தொடக்கத்திலேயே மின்னசோட்டா அணியிடம் தோற்றது. வெற்றி முழுவதும் மலிவு ஆட்டக்காரர்களால் வந்தது என்று சொல்லவும் முடியாது. ஹட்சன், மல்டர், ஜிட்டோ என்று பந்து எறிவதில் மூன்று சிங்கங்கள் அணியில் இருந்தார்கள். அந்த ஆண்டின் சிறந்த வீரர் விருது பெற்ற டெகாடாவும் இருந்தார்.

அந்தப் பருவத்தோடு ஜஸ்டிஸ் ஓய்வு பெற்றார். பீன் மறுபடியும் சந்தைக்குக் கிளம்ப வேண்டியதாயிற்று.

அவரையே விலைக்குக் கேட்டது பாஸ்டன் அணி! 5 ஆண்டுகளுக்கு 1 கோடியே 25 லட்சம் டாலர். முதலில் சம்மதித்தார். பிறகு மறுத்துவிட்டார். பணத்தை நினைத்து வாழ்க்கையில் ஒரே ஒரு முறை முடிவு செய்ததாகவும், இனி அப்படிச் செய்வதில்லை என்றும் காரணம் சொன்னார். ஸ்டான்போர்டு படிப்பை விட்ட கதையைத்தான் குறிப்பிட்டார்.

பாஸ்டன் சும்மா இருக்கவில்லை. அதே கணக்கைக் கற்றுக்கொண்டது. அதனிடம் பணமும் இருந்தது. 2004ல் உலகத் தொடரை வென்றது. நடுக்களத்தில் நின்றவர் யார்? ஓக்லண்டை விட்டுப் போன அதே ஜானி டேமன்!

எல்லா அணிகளும் அந்தக் கணக்கைப் படித்த பிறகு, பொறுமைக்கும் விலை ஏறிவிட்டது. ஏழை அணி வேறு மலிவுச் சரக்கைத் தேட வேண்டியதாயிற்று.

2024 செப்டம்பர் 26 அன்று அந்த அணி ஓக்லண்டில் தன் கடைசி ஆட்டத்தை ஆடிவிட்டு, ஊரை விட்டே கிளம்பியது. சம்பளம் கொடுக்க முடியாமல் ஒவ்வொரு குளிர்காலமும் வீரர்களை வழியனுப்பிப் பழகிய ஊர், அன்று அணியையே வழியனுப்பி வைத்தது.