கடலில்லா ஊரில் கடற்கரை மனை

அமெரிக்காவின் ஃபுளோரிடா மாநிலத்தில், டாம்பா நகருக்கு வடக்கே வெஸ்லி சேப்பல் என்றொரு புறநகர் இருக்கிறது. மாட்டுப் பண்ணைகளும் ஆரஞ்சுத் தோப்புகளுமாக இருந்த பாஸ்கோ கவுண்டியைச் சேர்ந்தது. மெக்சிகோ வளைகுடாக் கடற்கரைக்கு இங்கிருந்து காரில் ஏறத்தாழ ஒரு மணி நேரம். இந்த ஊரில் 2018-ல் ஒரு கடற்கரை திறக்கப்பட்டது. 'எப்பர்சன்' என்ற குடியிருப்பின் நடுவே ஏழு ஏக்கருக்கு மேல் நீல நீர். சுற்றிலும் கொட்டிப் பரப்பிய வெள்ளை மணல், சறுக்குமரம், துடுப்புப் படகுகள், தண்ணீரில் நின்றபடியே பானம் வாங்கிக் குடிக்கும் கடை. குளத்தின் கொள்ளளவு சுமார் 6 கோடி லிட்டர். சென்னையில் ஓடும் 12,000 லிட்டர் தண்ணீர் லாரியில் கணக்குப் போட்டால் 5,000 லோடு.

அமெரிக்காவில் இந்த வகைக் குளம் இதுதான் முதலாவது. அதன் பிறகு அதே கவுண்டியில் 'மிராடா', பக்கத்துக் கவுண்டியில் 'சவுத்ஷோர் பே', டெக்சஸில் ஹூஸ்டனை ஒட்டி 'பால்மோரல்', 'லாகோ மார்' என்று வரிசையாக வந்துவிட்டன. 'லகூன்' என்றுதான் எல்லோரும் சொல்கிறார்கள். இயற்கையில் லகூன் என்பது கடலோடு தொடுப்புள்ள காயல். இந்த நீருக்குக் கடலோடும் தொடுப்பில்லை, நிலத்தோடும் தொடுப்பில்லை.

ஃபுளோரிடாவில் தண்ணீருக்கா பஞ்சம் என்று கேட்கத் தோன்றும். அங்கே புதிதாக வரும் எந்த மனைப்பிரிவை எடுத்துக்கொண்டாலும் நாலைந்து குட்டைகள் இருக்கும். மழைநீரைப் பிடித்து, அழுக்கைப் படியவிட்டு, மெல்ல வெளியேற்றுவதற்காக விதிப்படி தோண்டப்படுபவை அவை. தோண்டிய மண்ணைக் கொண்டே வீட்டு மனைகளை மேடாக்குவார்கள். ஆனால் அந்தக் குட்டைகளில் யாரும் கால் வைப்பதில்லை. மாநிலத்தில் சுமார் 13 லட்சம் அலிகேட்டர் முதலைகள் இருப்பதாக அரசே சொல்கிறது. குழந்தையோடு குட்டைக்கரையில் நடக்கும் தாய் ஒரு கண்ணை நீர்மேல் வைத்துக்கொண்டுதான் நடப்பாள். கோடையில் சூடேறும் நன்னீரில் மூளையைத் தாக்கும் அமீபா பற்றிய பயம் வேறு. கடலுக்குப் போகலாம் என்றால், எப்பர்சன் குளம் திறந்த அதே 2018-ல்தான் நச்சுப் பாசி பெருகி உண்டாகும் 'செந்நீர்ப் பெருக்கு' (ரெட் டைட்) தென்மேற்குக் கரையைச் சூழ்ந்து, மீன்கள் குவியல் குவியலாகச் செத்து ஒதுங்கின. 2024-ல் ஹெலீன் புயலின் கடல்நீர் டாம்பாவுக்கு மேற்கே இருக்கும் கடற்கரை ஊர்களின் வீடுகளுக்குள் புகுந்தது. கடலோர வீடுகளுக்கான காப்பீட்டுச் செலவு நடுத்தரக் குடும்பங்களால் தாங்க முடியாத உயரத்துக்குப் போய்விட்டது. முதலையும் புயலும் காப்பீட்டுச் சுமையும் இல்லாத ஒரு கடற்கரையைக் காட்டினால், வாங்க ஆள் இருக்கத்தான் செய்யும்.

இந்தத் தொழிலின் பிறப்பிடம் சிலி. சாண்டியாகோவுக்கு மேற்கே, பசிபிக் கரையில் அல்காரோபோ என்ற ஊர். அண்டார்டிக் பக்கத்திலிருந்து வரும் ஹம்போல்ட் நீரோட்டத்தால் அங்கே கோடையிலும் கடல் சில்லென்றிருக்கும், அலையும் ஆபத்தானது. ஃபெர்னாண்டோ ஃபிஷ்மன் என்ற உயிர்வேதியியலாளர் அங்கே 'சான் அல்ஃபோன்சோ தெல் மார்' அடுக்குமாடிக் குடியிருப்பைக் கட்டியபோது, கடலையொட்டியே 8 ஹெக்டேரில் ஒரு குளமும் திட்டத்தில் இருந்தது. ஆனால் அவ்வளவு பெரிய நீர்ப்பரப்பைத் தெளிவாக வைத்திருப்பது யாருக்கும் கைவராத வேலை. பல ஆண்டுகள் உழைத்து ஃபிஷ்மன் ஒரு வழி கண்டார். 2006-ல் நிறைவடைந்த அந்தக் குளம் 1,013 மீட்டர் நீளம். 25 கோடி லிட்டர் கடல்நீர் கொண்டது. உலகின் மிகப் பெரிய நீச்சல் குளம் என்று கின்னஸ் புத்தகத்தில் இடம்பெற்றது. முறைக்குக் காப்புரிமை வாங்கி, 'கிரிஸ்டல் லகூன்ஸ்' நிறுவனத்தைத் தொடங்கி, உலகெங்கும் மனை வணிகர்களுக்கு உரிமம் விற்கத் தொடங்கினார். 2015-ல் எகிப்தின் ஷரம் எல் ஷேக்கில் பாலைவனத்துக்கு நடுவே அமைந்த குளம், சிலி குளத்தின் சாதனையையும் தாண்டியது.

அவர் கண்ட வழியைப் புரிந்துகொள்ள, சாதாரண நீச்சல் குளம் எப்படி இயங்குகிறது என்று பார்க்க வேண்டும். பொதுக் குளம் என்றால் உள்ளே இருக்கும் மொத்த நீரும் ஏறத்தாழ ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை வடிகட்டி வழியாகச் சுற்றி வர வேண்டும் என்பது பல நாடுகளில் வழக்கமான விதி. குளோரினும் எந்நேரமும் குறிப்பிட்ட அளவில் இருந்தாக வேண்டும். 6 கோடி லிட்டரை ஒரு நாளில் நான்கு முறை சுற்றவிட எத்தனை பம்பு, எவ்வளவு மின்சாரம் வேண்டும்! கட்டுப்படியாகாது. ஃபிஷ்மனின் முறையில் மொத்த நீரையும் சுற்றவிடுவதில்லை. நீரில் மிதக்கும் தூசியை, ரசாயனம் சேர்த்து ஒன்றோடொன்று திரளவைத்து அடியில் படியச் செய்கிறார்கள். உறிஞ்சும் வண்டி ஒன்று தரையோடு ஊர்ந்து, அந்தப் படிவை மட்டும் இழுத்துச் சிறிய வடிகட்டிக்கு அனுப்புகிறது. கிருமிநாசினியையும் ஒரே சீராகக் கலப்பதில்லை. குளம் முழுக்கப் பதித்த உணர்விகள் நீரின் நிலையைச் சொல்லச் சொல்ல, தேவைப்படும் நேரத்தில் தேவைப்படும் அளவு விட்டுவிட்டுச் செலுத்துகிறார்கள். சாதாரணக் குளத்துக்கு ஆகும் ரசாயனத்தில் நூறில் ஒரு பங்கும், வடிகட்டும் மின்சாரத்தில் 2 சதவீதமும் போதும் என்பது நிறுவனத்தின் கூற்று.

நீரின் அடியில் கிடப்பது மணல் அல்ல, வெளிர் நிறப் பிளாஸ்டிக் விரிப்பு. சூரிய ஒளியின் சிவப்புப் பகுதியை நீர் உறிஞ்சிவிட, மிஞ்சும் நீலத்தை அந்த விரிப்பு கண்ணுக்குத் திருப்பி அனுப்புகிறது. நீர் நூறு சதவீதம் தெளிவாக இருந்தால்தான் இந்த நிறம் வரும். கொஞ்சம் பாசி படர்ந்தாலும் பச்சையடித்துவிடும். ஆகவே தெளிவுதான் இங்கே விற்பனைச் சரக்கு.

தெளிவும் தூய்மையும் ஒன்றல்ல என்பதை இந்த இடத்தில் அழுத்திச் சொல்ல வேண்டும். வயிற்றுப்போக்கை உண்டாக்கும் கிரிப்டோஸ்போரிடியம் என்ற நுண்ணுயிர், முறையாகக் குளோரின் கலந்த நீரிலேயே ஒரு வாரத்துக்கு மேல் உயிரோடு இருக்கக்கூடியது. நீரைப் பார்த்து அதைக் கண்டுபிடிக்க முடியாது. சிலியின் முதல் குளம் பெரும்பாலும் பாய்மரப் படகுக்கும் கயாக்குக்குமானதாக இருந்தது. நீந்துவதற்குத் தனிக் குளங்கள் இருந்தன. வெஸ்லி சேப்பலிலோ விடுமுறை நாளில் நூற்றுக்கணக்கான குழந்தைகள் இறங்குகிறார்கள். நீச்சல் குள விதி இதற்குப் பொருந்துமா, ஏரிக்கான விதி பொருந்துமா, இரண்டுக்கும் நடுவே புதிதாக ஒன்றை எழுத வேண்டுமா என்று சுகாதாரத் துறைகள் யோசிக்க வேண்டியிருக்கிறது. பரிசோதனை முடிவுகளைக் குளத்தின் வாசலிலேயே ஒட்டிவைக்கச் சொல்வது குறைந்தபட்சக் கோரிக்கை என்பேன்.

நீர்ச் செலவுக்கு வருவோம். நிரப்பிய பிறகு ஆவியாகும் அளவை ஈடுகட்டினால் போதும். கோல்ஃப் மைதானத்துக்கு ஆவதைவிட 30 மடங்கு குறைவு என்கிறது நிறுவனம். ஒப்பீட்டைக் கொஞ்சம் நிறுத்திப் பார்க்க வேண்டும். 18 குழிகள் கொண்ட கோல்ஃப் மைதானம் நூறு ஏக்கருக்கு மேல் விரியும். லகூன் பெரும்பாலும் பத்து ஏக்கர் அளவில் நிற்கும். ஏக்கருக்கு ஏக்கர் வைத்துப் பார்த்தால் இந்த இடைவெளி வெகுவாகச் சுருங்கிவிடும். ஃபுளோரிடாவில் மழையாவது ஓரளவு ஈடுசெய்யும். கலிஃபோர்னியாவின் கோச்செல்லா பள்ளத்தாக்கில் அதற்கும் வழியில்லை. அங்கே ராஞ்சோ மிராஜ் நகரில் டிஸ்னி நிறுவனத்தின் பெயரோடு 'கோட்டினோ' என்ற குடியிருப்பு 2022-ல் அறிவிக்கப்பட்டது. சுமார் 1,900 வீடுகள், நடுவில் 24 ஏக்கர் லகூன். 24 ஏக்கர் பரப்பிலிருந்து ஆண்டுக்கு ஒன்றரை மீட்டர் உயரம் நீர் ஆவியானால் 14 கோடி லிட்டருக்கு மேல் போகும். பாலைவன வெயிலுக்கு ஒன்றரை மீட்டர் பெரிய அளவே அல்ல. கொலராடோ ஆறு வற்றி, அதை நம்பியிருந்த மாநிலங்கள் பங்கைக் குறைத்துக்கொள்ளும்படி மத்திய அரசு நெருக்கிய ஆண்டும் அதே 2022-தான். அந்த ஆண்டில், அதே பள்ளத்தாக்கில் இருக்கும் லா கின்டா நகரில் அலைச்சறுக்குக் குளத்தோடு வரவிருந்த ஒரு விடுதித் திட்டத்தை மக்கள் எதிர்க்க, நகர்மன்றம் நிராகரித்தது. ஒரே பள்ளத்தாக்கில் இரண்டு நகரங்கள் இரண்டு விதமாக முடிவெடுத்தன.

ஃபுளோரிடாவுக்குத் திரும்பினால், எப்பர்சனின் மழைநீர்க் குட்டை ஊருக்கு வேலை செய்கிறது: வெள்ளத்தை வாங்கிக்கொள்கிறது, நிலத்துக்குள் கொஞ்சம் இறக்குகிறது, நாரைக்கு இரை தருகிறது. லகூன் இதில் எதையும் செய்வதில்லை. விரிப்பைத் தாண்டி ஒரு சொட்டு கீழே இறங்கினால் அது கசிவு, பழுது. மழையோடு தெருத் தண்ணீர் உள்ளே வந்தால் தெளிவு கெடும்.

பிறகு ஏன் கட்டுகிறார்கள்? மனை வணிகக் கணக்கு அப்படி. ஒரு தலைமுறைக்கு முன் இதே இடத்தில் கோல்ஃப் மைதானம் அமைத்து, அதைச் சுற்றி வீடு விற்றிருப்பார்கள். ஆனால் 2006-க்குப் பிறகு அமெரிக்காவில் திறந்த கோல்ஃப் மைதானங்களைவிட மூடியவையே அதிகம். லகூனுக்கு நிலம் குறைவாகப் போதும். மிச்ச நிலத்தில் வீடு கட்டலாம். கோல்ஃப் ஆடாத இளம் பெற்றோரும் குளத்துக்கு வருவார்கள். உள்நாட்டில் விவசாய நில விலைக்கு வாங்கிய இடத்தைக் கடற்கரை வாழ்க்கை என்று விளம்பரம் செய்யலாம். கரையைப் பார்த்தபடி இருக்கும் வீடுகள் கொஞ்சம்தான். மற்றவை பல தெருக்கள் தள்ளி இருக்கும். வீட்டு விலை வேறுபடலாம். மாதக் கட்டணத்திலிருந்து யாருக்கும் விலக்கு கிடைப்பதில்லை.

அந்தக் கட்டணத்தில்தான் என் கவலை எல்லாம். ஃபுளோரிடாவில் இப்படியொரு குடியிருப்பில் வீடு வாங்குபவர் ஒரே நேரத்தில் பல கணக்குகளுக்குக் கையெழுத்திடுகிறார். வீட்டுக் கடன் ஒன்று. குடியிருப்போர் சங்கச் சந்தா இன்னொன்று. பல இடங்களில் லகூனுக்கென்று தனிக் கட்டணமும் உண்டு. நீந்தினாலும் நீந்தாவிட்டாலும் கட்ட வேண்டும். இதற்கு மேல் 'சமுதாய மேம்பாட்டு மாவட்டம்' என்ற அமைப்பு. 1980-ல் வந்த மாநிலச் சட்டப்படி, மனை வணிகரின் மனுவின் பேரில் உருவாகும் இந்தச் சிறு அரசு அமைப்பு, கடன் பத்திரம் வெளியிட்டுச் சாலையும் வடிகாலும் போடலாம். கடனை ஆண்டுதோறும் சொத்துவரி ரசீதிலேயே சேர்த்து வீட்டுக்காரர்கள் அடைப்பார்கள். அதன் குழுவை முதலில் தேர்ந்தெடுப்பது மக்கள் அல்ல, நில உரிமையாளர்கள். ஏக்கருக்கு ஒரு வாக்கு. ஆறு ஆண்டுகள் கடந்து, வாக்காளர்கள் 250 பேராவது சேர்ந்த பிறகே குடியிருப்பவர்கள் கைக்கு அது மாறத் தொடங்கும். அதற்குள் பெரும்பாலான முடிவுகள் எடுக்கப்பட்டிருக்கும்.

குளம் யாருடையது என்பது அடுத்த கேள்வி. சில இடங்களில் சங்கத்துக்குச் சொந்தம். சில இடங்களில் மேம்பாட்டு நிறுவனமோ அதன் துணை நிறுவனமோ வைத்துக்கொண்டு, வெளியூராருக்கு நாள் டிக்கெட் விற்கிறது. எப்பர்சனுக்கும் டிக்கெட் எடுத்து வரலாம். அமைதியான தெரு வேண்டும் என்று வந்தவர்களின் வாசல் வழியே வார இறுதிகளில் கார் வரிசை நிற்கும். கடற்கரையைப் போலப் பொதுமக்களுக்கு உரிமையான இடமும் இல்லை, தோட்டத்தைப் போல வீட்டுக்காரருக்கும் முழு உரிமை இல்லை.

கட்டாய மன்றக் (கிளப்) கட்டணம் வாங்கி லாபம் பார்க்கலாமா என்பது ஃபுளோரிடாவில் நீதிமன்றம் வரை போன விஷயம். போல்க் கவுண்டியில் இருக்கும் 'சோலிவிட்டா' என்ற முதியோர் குடியிருப்பில் லகூன் கிடையாது. ஆனால் நீச்சல் குளமும் உணவகமும் கொண்ட மன்றம் மேம்பாட்டு நிறுவனத்தின் கையில் இருந்தது. எல்லோரும் கட்டாயமாகச் செலுத்திய உறுப்பினர் கட்டணத்தில் லாபப் பகுதி, குடியிருப்போர் சங்கச் சட்டத்துக்கு முரணானது என்று 2021-ல் கவுண்டியின் சர்க்யூட் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. திருப்பித் தர வேண்டிய தொகை சுமார் 3.5 கோடி டாலர். 2023-ல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது. லகூன் குடியிருப்புகளில் வசிப்பவர்கள் தங்கள் பத்திரத்தை எடுத்துவைத்துப் படிக்க வேண்டிய தீர்ப்பு இது.

படிக்கும்போது தேட வேண்டிய பக்கம் ஒன்று உண்டு. பிளாஸ்டிக் விரிப்பு என்றும் நிலைக்காது. வெயிலிலும் ரசாயனத்திலும் அது மூப்படையும். பம்பும் உணர்விகளும் அதற்கு முன்பே பழசாகும். மாற்றும் நாள் வரும்போது கட்டிய நிறுவனம் கடைசி மனையையும் விற்றுவிட்டு வேறு கவுண்டிக்குப் போயிருக்கலாம். அந்தச் செலவுக்கென்று இப்போதிலிருந்தே தனி நிதி சேர்க்கப்படுகிறதா, எந்தக் கணக்கில், யார் பொறுப்பில் என்பது அந்தப் பக்கத்தில் எழுதியிருக்க வேண்டும். எழுதியிராவிட்டால், முன்பணம் கட்டுவதற்கு முன்பே கேட்டு எழுத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும்.