மனுஷ அங்காதிபாதம் (1872)

ஹென்றி கிரேயின் உடற்கூற்று நூலைத் தழுவிய தமிழ் மருத்துவப் பாடநூல். அமெரிக்க மிஷன் மருத்துவர் சாமுவேல் பிஸ்க் கிறீன் (1822–1884) முன்னெடுப்பில் வெளிவந்தது. 1847இல் யாழ்ப்பாணம் வந்த அவர், பின்னர் மானிப்பாயில் மேனாட்டு மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்தார். அக்காலத்தில் அது துணிச்சலான முடிவு.

இத்தகைய நூல்கள் விளக்கும் உறுப்புகளுள் ஒன்றான காதின் அமைப்பு அன்றே நன்கு தெரிந்திருந்தது. அது ஒலியைப் பகுக்கும் முறை தெளிவாகியது 20ஆம் நூற்றாண்டில். அதைக் கண்டறிந்ததற்காக கெயோர்க் வான் பெக்கேசி 1961இல் நோபல் பரிசு பெற்றார்.

செவிப்பறையின் அதிர்வை மூன்று சிற்றெலும்புகள் உட்காதிலுள்ள நத்தைச்சுருளுக்குக் கடத்துகின்றன. நல்லூர்த் திருவிழாவில் நாதஸ்வரத்தின் உச்ச ஒலிகள் சுருளின் அடிப்பகுதியையும், தவிலின் தாழ்ந்த முழக்கம் அதன் நுனிப்பக்கத்தையும் கூடுதலாக அதிரச் செய்யும். அங்குள்ள மயிர்க்கலங்கள் அதிர்வை மின் சைகைகளாக மாற்ற, செவி நரம்பு அவற்றை மூளைக்குக் கொண்டுசெல்கிறது. வலப்புற ஒலி இடக்காதை எட்டுவதில் ஒரு மில்லிசெக்கனுக்கும் குறைவான தாமதமே உண்டு. அதையும் கொண்டே மூளை திசையை அறிகிறது.

பேரொலியால் அழிந்த மயிர்க்கலங்கள் மனிதருக்கு மீண்டும் வளர்வதில்லை. எனவே திருவிழாக்களில் ஒலிபெருக்கிக்கு அருகே நிற்பதைத் தவிர்க்கவும்.